பன்னிரண்டில் ஒன்று

ஜூன் 4, புதன்

‘நாங்க எதுவுமே கேக்கலீங்க’ என்று ஆரம்பிக்கிறவர்கள் கடைசியில் எவ்வளவு கேட்பார்கள் என்பதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடிக்க வேண்டும். இன்று ஆனைமலையிலிருந்து மரகதம் அத்தை வந்திருந்தார். மாப்பிள்ளை சபரிநாதனின் அம்மா. தங்கை பூங்கோதைக்கு உறுதி வார்த்தை பேசி இரண்டு வாரம்தான் ஆகிறது. ஆடி பிறப்பதற்குள் நிச்சயம், ஆவணியில் கல்யாணம்.

“நாங்க எதுவுமே கேக்கலீங்க. கட்டிலு மட்டும் கொஞ்சம் பழைய மாடலா இருந்துதுன்னா எங்க வீட்டுக்குத் தோதா இருக்கும்” என்று போனை நீட்டினார். வால்பாறைப் பக்கம் ஏதோ எஸ்டேட் பங்களாவில் எடுத்த படம். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்கள். நாலு மூலையிலும் தூண் வைத்த கட்டில், ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி, காலை நீட்டிப் போட்டுக்கொள்ளக் கை நீளமாக உள்ள பிரம்பு ஈசி சேர்.

“ஆணியே அடிக்கக் கூடாதுங்க. அந்தக் காலத்துல எப்பிடிச் செஞ்சாங்களோ அப்பிடியே இருக்கோணும்.”

அம்மா தலையாட்டினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். அப்பா இருந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பார். அப்பா இல்லாத வீட்டில் கேட்பது என் பொறுப்பு. கேட்டேன்.

“பர்மா தேக்குங்களா, நாட்டுத் தேக்குங்களா?”

பூங்கோதை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நான் ஒரு பம்ப் கம்பெனி டூல் ரூமில் டிசைனர். மாதிரி செய்து கையெழுத்து வாங்காமல் நாங்கள் இரும்பைத் தொடுவதில்லை. அதனால் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: முதலில் எல்லாவற்றையும் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் நானே செய்து காட்டுவேன். ஓர் அடிக்கு ஓர் அங்குலம். நீங்கள் சரி என்றால்தான் பட்டறையில் கொடுப்பது. குட்டி மேசை நாற்காலி செய்வது எனக்கு ஐந்து வருடப் பழக்கம். அம்மா அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘பொம்மை வேலை’.

ஜூன் 8, ஞாயிறு

தேக்கில் செய்யவில்லையா என்று அம்மா கேட்கிறாள். தேக்கின் ரேகை பெரியது. ஆறங்குலக் கட்டிலில் அது வாய்க்கால் வெட்டிவிட்டது போலத் தெரியும். சின்ன வேலைக்கு ரேகையே தெரியாத மரம் வேண்டும். மஞ்சக்கடம்பு எடுத்து, தேக்கு நிறம் ஏற்றியிருக்கிறேன். இதை மூன்று முறை விளக்கினேன். “என்னமோ போ, அவங்க தேக்குன்னாங்க” என்கிறாள்.

தையல் மெஷின் மோட்டாரை வைத்து நானே செய்த கடைசல் மெஷினில் நாலு தூணும் கடைந்தாயிற்று. சட்டத்தின் முனையில் நாக்கு மாதிரி கழுந்து, தூணில் அது இறங்கத் துளை. கழுந்தின் கனம் இரண்டு மில்லிமீட்டர். துளை போட உடைந்த டிரில் பிட்டைத் தீட்டி உளியாக்கினேன். இணைப்பைப் பூட்ட மூங்கில் முளை. மூங்கில் ஈர்க்கைத் தகட்டுத் துளையில் இழுத்து இழுத்துக் குண்டூசிப் பருமனுக்குக் கொண்டுவர ஒரு காலைப் பொழுது போயிற்று. பசை ஒரு பொட்டுகூட இல்லை. கட்டிலைத் தூக்கி உதறினேன். ஒரு முனகல் இல்லை.

பூங்கோதை ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து பார்த்தாள். பிசியோதெரபிஸ்ட். எதை எடுத்தாலும் அசைத்துப் பார்ப்பாள். கட்டிலையும் அசைத்துப் பார்த்தாள்.

“நல்லாருக்குண்ணா. இத்தன பெரிய கட்டிலு எதுக்கு?”

“பெருசா? ஆறங்குலம்டி.”

“நெசக் கட்டிலைச் சொல்றேன்.”

அளவு என்று வந்தால் இவளுக்கு எதுவுமே புரியாது.

ஜூன் 10, செவ்வாய்

உளி முனை போய்விட்டது. கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய அம்மாவுக்கு நான்தான் வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

கட்டிலையும் அலமாரியையும் எடுத்துக்கொண்டு ஆனைமலை போனேன். பெரிய வீடு. ஓட்டுக்கூரை, முன்னால் நீளத் தாழ்வாரம், பின்னால் தென்னந்தோப்பு. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. எல்லா அறைக்கும் தனித்தனியாகக் குளியலறை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிளம்பர் வேலை கேவலம், தண்ணீர் ஓட வாட்டமே இல்லை. அதை மாப்பிள்ளையிடம் நேராகவே சொன்னேன். “நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க மச்சான் இருக்கும்” என்றார். தன்மையான மனிதர்.

மரகதம் அத்தை கட்டிலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கும் கூடத்துக்குமாக நடந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். “இஞ்சினீருன்னா இப்பிடியல்ல இருக்கோணும்! இந்தக் கையிக்குத் தங்கக் காப்புப் போடோணும் கண்ணு!” என்றார். எங்கள் டூல் ரூமில் ஒரு நாய்கூட இப்படிச் சொன்னதில்லை.

சில திருத்தங்கள்: தலைமாட்டில் ஒரு தாமரை. தூண் அரையடி உயரம் கூட. அப்புறம், “வர்றவங்க போறவங்களுக்கு” இன்னும் இரண்டு கட்டில். தாழ்வாரத்துக்கு நாலு ஈசி சேர். எழுதுகிற மேசை ஒன்று.

மாதிரிக்கே அறை அளவு வேண்டுமே. டேப்பை எடுத்து எல்லா அறையையும் அளந்தேன், வாசற்படி கதவு ஜன்னல் உட்பட. எந்த அறையில் கட்டில் வருகிறது என்று கேட்டேன்.

“எல்லாம் அவங்க ரூமுதானே கண்ணு. நாங்க தூக்கிட்டா போகப்போறோம்?”

பதில் ஒழுங்கான பதில் இல்லை. ஆனால் அதற்குள் இளநீர் வந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

பூங்கோதை சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

“நாலு ஈசி சேர் எதுக்குண்ணா? நான் ஒருத்திதானே போறேன்?”

“தாழ்வாரம் பெருசு.”

“சரி, மூணு கட்டிலு?”

“வர்றவங்க போறவங்களுக்கு.”

“யாரு வர்றாங்க?”

“அதெல்லாம் உங்க அத்தையக் கேளு. எங்கிட்டக் கேக்கறதுன்னா பிரம்பு எப்பிடிப் பின்றதுன்னு கேளு.”

அம்மா குறுக்கே விழுந்தாள். “சாமானுதானே அம்மணி. நாளைக்கு நீயே அங்க உக்காந்து அனுபவிக்கப் போற. வாய வெச்சுட்டுச் சும்மா இரு.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எனக்குத்தான் எரிச்சல். ஈசி சேரின் கை வளைவு இன்னும் சரியாக வரவில்லை. மரத்தை நீராவியில் வளைத்தால் மறுநாள் நிமிர்ந்துவிடுகிறது.

ஜூன் 22, ஞாயிறு

ஈசி சேர் வந்துவிட்டது. பிரம்புக்குப் பதில் அறுபதாம் நம்பர் நூல். குறுக்கே, நெடுக்கே, இரண்டு மூலைக்கும் சாய்வாக. பிரம்பு பின்னுகிறவர்கள் செய்வது போல ஆறு ஓட்டம். ஒரு சேருக்கே கண் பூத்துவிட்டது. இன்னும் மூன்று. யாருக்காக என்று கேட்காமல் செய்கிறேன் பார், அதைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 28, சனி

எல்லாம் முடிந்தது. அட்டையில் ஓர் அறையும் தாழ்வாரமும் செய்து, சுண்ணாம்புச் சுவர், சிவப்புத் தரை, எல்லாம் அடித்து, சாமான்களை மாற்றி மாற்றி வைத்து, ஜன்னல் வழியாகக் காலை வெளிச்சம் விழுகிற மாதிரி விளக்கைச் சாய்த்துப் படம் எடுத்தேன். நிஜ அறை இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். அத்தைக்கும் மாப்பிள்ளைக்கும் அனுப்பினேன். அத்தையிடமிருந்து வரிசையாகக் கும்பிடுகிற கைகள். மாப்பிள்ளை: ‘மச்சான் வேற லெவல். ஒரிஜினல் சைஸ் படம் அனுப்புங்க.’

அனுப்பினேன். பட்டறையில் திங்கட்கிழமை பேச வேண்டும்.

ஜூலை 2, புதன்

எழுத்து கோணுகிறது. பரவாயில்லை.

மாலையில் பூங்கோதை எதுவும் பேசாமல் போனை என் முன்னால் வைத்தாள். ஒரு வெப்சைட். ஆனைமலை அடிவாரத்தில் நூறு வருடப் பாரம்பரிய வீட்டில் தங்குங்கள், ஆகஸ்ட் முதல் முன்பதிவு. கீழே படம். தூண் கட்டில், கண்ணாடி அலமாரி, தாழ்வாரத்தில் ஈசி சேர்.

என் கட்டில். ஆறங்குலம்! அதற்கு ‘எஸ்டேட் ரூம்’ என்று பெயர் வைத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாடகையும் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது கட்டில் ‘தோப்பு ரூம்’. மூன்றாவது ‘மலை ரூம்’. கேட்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை, செய்தவன் பெயர் இல்லை. பவுடர் டப்பாவிலிருந்து வெட்டி எடுத்து நான் பதித்த கண்ணாடியில் என் கட்டைவிரல் ரேகை விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் அலமாரிக் கதவில் ஒரு பரங்கிக்காய் உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறது. அதைத் துடைத்துவிட்டு எடுத்திருப்பேனே! சொல்லியிருந்தால் துடைத்திருப்பேனே! வெளிச்சத்தை வேறு கூட்டி வைத்து, நான் ஏற்றிய நிறத்தையே வெளுக்கடித்திருக்கிறார்கள். கடைசியில் வசதிகள் என்று ஒரு வரிசை: வைஃபை, கார் நிறுத்த இடம், வீட்டுச் சாப்பாடு, குடும்பத்தாரே பரிமாறுவோம், ஆயில் மசாஜ், வீட்டோடு பிசியோதெரபிஸ்ட். எல்லாம் இருக்கிறது, படம் எடுத்தவன் பெயர் மட்டும் இல்லை.

அரை மணி நேரம் கத்தினேன். பூங்கோதை குறுக்கே பேசவில்லை. நான் நிறுத்தியதும் கேட்டாள்.

“முடிஞ்சுதா?”

“என்ன முடிஞ்சுதா? உனக்குக் கோவமே வரலியா?”

“வந்துதுண்ணா. நேத்தே. உனக்கு எதுக்கு வருதுன்னு பாத்துட்டிருந்தேன்.” போனை எடுத்துக்கொண்டாள். “வசதியில கடைசி என்னன்னு இன்னொருக்காப் படி.”

படித்தேன்.

ஜூலை 3, வியாழன்

சபரிநாதனுக்குப் போன் போட்டேன். மரியாதை எல்லாம் நேற்றோடு சரி.

“சும்மா டெமோங்க மச்சான். நெசச் சாமான் வந்ததும் படத்தை மாத்திக்கலாம்.”

“எந்த நெசச் சாமான்? எந்தங்கச்சிக்கு நாங்க குடுக்கற கட்டில்ல ஊரான் படுக்கறதுக்கு வாடகையா?”

“ஐயோ, வருமானம் யாருக்குங்க? எல்லாம் உங்க தங்கச்சிக்குத்தானே.”

“அந்த பிசியோதெரபிஸ்ட்டு யாரு?”

“அது அம்மா போட்டதுங்க. பூங்கோதைக்கும் ஒரு பேரு கெடைக்குமில்லீங்களா?”

வைத்துவிட்டேன். அம்மா கதவருகே நின்றிருந்தாள். “கத்தாதே சாமி. பத்திரிகைக்கு மாடல் பாத்தாச்சு. நிச்சயத்துக்கு ஊரெல்லாம் சொல்லியாச்சு. எல்லா வீட்லயும் ஏதோ ஒண்ணு இருக்கத்தான் செய்யும்.”

பூங்கோதை மட்டும் நிதானமாக இருந்தாள். “மூணு கட்டிலுக்கும் வாடகை போட்டாச்சு. அப்ப எங்கட்டிலு எதுண்ணா? எந்த ரூமு?”

எனக்குத் தெரியவில்லை. கையில் டேப்போடு அந்த வீட்டை மூலை மூலையாக அளந்தவன் நான். எனக்குத் தெரியவில்லை!

ஜூலை 5, சனி

வரைபடம் இல்லாமல் சண்டைக்குப் போகக் கூடாது. லீவு போட்டுவிட்டு, சன்போர்டு என்கிற நுரை அட்டையில் அந்த வீடு முழுவதையும் கூரை இல்லாமல் வெட்டி நிறுத்தினேன். தாழ்வாரம், கூடம், பெரிய அறை மூன்று, அத்தை மாமா படுக்கிற அறை, சமையற்கட்டு, அதற்குப் பின்னால் தேங்காய் போட்டு வைக்கிற அறை. ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கம் கீல்.

பூங்கோதை தரையில் உட்கார்ந்து சாமான்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். மூன்று கட்டிலும் மூன்று அறையில் அச்சாகப் பொருந்தின. ஈசி சேர் நாலும் தாழ்வாரத்தில், எழுதுகிற மேசை கூடத்து வாசலோரம். அலமாரிக்கு எஸ்டேட் ரூமில் சுவர் காலியாகக் காத்திருந்தது. ஒரு சாமான் மிச்சமில்லை.

“அளவெடுத்துத்தான் கேட்டிருக்காங்க” என்றேன்.

“ஆமா. நம்மளத்தவர எல்லாரும் அளவெடுத்திருக்காங்க.” கூடத்து நடுவே விரலை ஊன்றிக்கொண்டு யோசித்தாள். “நாளைக்கு அவரை வரச் சொல்லியிருக்கேன். பொள்ளாச்சியில. நீ இதைத் தூக்கிட்டு மட்டும் வா. வாயத் தெறக்காதே.”

“நான் ஏன் தெறக்கக் கூடாது?”

“நீ தாமரையப் பத்திப் பேச ஆரம்பிச்சுருவே.”

ஜூலை 6, ஞாயிறு

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. மூலையில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு வீட்டை இறக்கிப் பொருத்தி வைத்தேன். பாதி பாதியாகக் கழற்றி, அரிசி மூட்டை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்ததில் தாழ்வாரச் சுவர் ஒன்று பெயர்ந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சபரிநாதன் மூன்று டீயும் தேங்காய் பன்னும் சொன்னான். வீட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். “அட, எங்க ஊடேதான்! அம்மா பாத்தாங்கன்னா உட மாட்டாங்க.”

பூங்கோதை சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்திருந்தாள். ஒரு கட்டிலை மட்டும் அவன் கையில் கொடுத்தாள்.

“இது நம்ம கட்டிலுங்க. வைங்க.”

சிரித்துக்கொண்டே முன்னறையில் வைத்தான்.

“அது எஸ்டேட் ரூமுங்க. ஆகஸ்டுக்கே புக்கிங் இருக்குது. பாத்தேன்.”

“ஆமா, ஆமா.” எடுத்துத் தோப்புப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனான். அதுவும் வாடகை அறை என்று அவனுக்கே ஞாபகம் வந்தது. மூன்றாவது அறைக்கு மேலே கை அப்படியே நின்றது. பக்கத்து மேசைக்காரர் பப்ஸைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது சீசன்ல மட்டும்தாங்க வாடகைக்கு. மத்த நாள்ல எந்த ரூம்ல வேணும்னாலும் நாம இருந்துக்கலாம்.”

“சீசன்ல?”

கை மெதுவாகச் சமையற்கட்டைத் தாண்டியது. தேங்காய் அறை. வாசலில் கட்டிலின் தூண் இடித்தது. சாய்த்தான். திருப்பினான். மேலேயிருந்து இறக்கினான். தலைமாடு ஒரு சுவரில், கால்மாடு எதிர்ச்சுவரில் தட்டிக்கொண்டு கட்டில் அந்தரத்தில் நின்றது.

“இங்க கட்டிலு வேண்டியதில்லீங்க” என்றான். குரல் உண்மையிலேயே அன்பாகத்தான் இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “பாயி போதும். நானும் உங்ககூட அங்கதானே இருப்பேன்.”

“நாம அங்க இருக்கோணும்னு எப்ப முடிவாச்சுங்க?”

“குளியலறை கட்டும்போதே அம்மா சொன்னாங்க.”

“எங்கிட்ட எப்பச் சொல்றதா இருந்தீங்க?”

“கல்யாணம் முடிஞ்சு பொறுமையாச் சொல்லிக்கலாம்னு...”

“நான் ஆஸ்பத்திரி வேலைய உட்டுருவேன்னும் அம்மாதான் சொன்னாங்களா?”

அவன் டீயைத் தள்ளி வைத்தான். பிறகு சட்டைப் பையில் கை விட்டான். “இருங்க. அம்மாவையே ஒரு வார்த்தை கேட்டுடறேன்.”

ஒரு கையில் போன், ஒரு கையில் கட்டில். ரிங் போய்க்கொண்டிருந்தது. பூங்கோதை அவன் கையிலிருந்து கட்டிலை வாங்கிக்கொண்டாள். வலிக்காமல், நோயாளியின் கையிலிருந்து டம்ளரை வாங்குகிறவள் போல. “கேளுங்க. நாங்க கெளம்பறோம்” என்றாள். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். பன்னை நான் தொடவில்லை. தொட்டிருக்கலாம், பசித்தது.

திரும்பும்போது பஸ் கிணத்துக்கடவு தாண்டியது. பிறகு கேட்டேன். “வேண்டாம்னு எப்ப முடிவு பண்ணுன?”

“நீ தேக்கப் பத்திக் கேட்டல்ல, அன்னைக்குப் பாதி.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “மீதிக்கு யாராச்சும் ஏதாச்சும் கேப்பீங்கன்னு இருந்தேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க பஸ்ஸில் வெளிச்சம் போதவில்லை.

ஜூலை 7, திங்கள்

அம்மா என்னோடு பேசவில்லை. நான்தான் கெடுத்தேனாம். பூங்கோதை டியூட்டிக்குப் போய்விட்டாள், வழக்கம் போல.

ஜூலை 13, ஞாயிறு

நிச்சயம் நடக்க வேண்டிய நாள். அம்மா காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். பத்து மணிக்குப் போன். மரகதம் அத்தை. அழுவார், இல்லை திட்டுவார் என்று இரண்டுக்கும் தயாராக எடுத்தேன்.

“கண்ணு தீனா, நல்லாருக்கறயா? நடந்தது நடந்து போச்சு. அவங்கவங்களுக்கு எங்க எழுதியிருக்குதோ அங்கதான் அமையும். ஒண்ணே ஒண்ணு. அந்தச் சின்னச் சாமானெல்லாம் உங்க ஊட்ல சும்மாதானே கெடக்குது? எங்க ஊட்டு அளவுக்குச் செஞ்சதாச்சே. ரிசப்ஷன்ல ஒரு கண்ணாடிப் பொட்டியில வெச்சா வர்றவங்களுக்குப் பாக்க நல்லாருக்கும்.”

நான் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் பூங்கோதை போனை வாங்கிவிட்டாள்.

“நல்லாருக்கறீங்களா? ஆமாங்க, கேட்டுச்சு. தர்றோங்க. ஆனா சாமான் வராது. ஒரு ரூமு மட்டும் அனுப்பறோம்... ஆமாங்க, உங்க ஊட்டு ரூமுதான். கண்ணாடிப் பொட்டியில தாராளமா வைங்க.”

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அண்ணா. அந்தத் தேங்கா ரூமு. சன்போர்டுல வேண்டாம். மரத்துல பண்ணு. கட்டிலுக்கு எப்பிடிப் பண்ணுனியோ அப்பிடி.”

ஜூலை 19, சனி

அறையை முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. அம்மா இன்றுதான் பேசினாள். “இத்தனூண்டு ரூமா?” என்றாள், உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு. அளவு சொன்னேன். தோள்பட்டையில் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சுவரின் காரை பெயர்ந்த இடம் பெயர்ந்தபடி இருக்கிறது. தரையில் சாணக் கறை. பாய் ஒன்று, அறுபதாம் நம்பர் நூலில். கதவுப் பலகைகளைக் கழுந்து வைத்து இணைத்து, மூங்கில் முளையில் பூட்டியிருக்கிறேன். பசை இல்லை. நிலைச்சட்டம் நேர்குத்தாக நிற்கிறது. என் கையிலிருந்து இதைவிடச் சுத்தமான வேலை இதுவரை வந்ததில்லை.

ஜன்னல் வைக்கவில்லை. அங்கே இல்லை.

கடைசியாகத் தாழ்ப்பாள். பித்தளைக் கம்பியைத் தட்டி, அரம் போட்டு, கதவின் வெளிப்பக்கம் பொருத்தினேன். உள்பக்கத் தாழ்ப்பாள் எங்கே என்று பூங்கோதை கேட்டாள். உள்ளே கிடையாது. அளவெடுத்த அன்றே பார்த்தேன்.